பிஸ்கட் டப்பாவில் ஆட்டா

எங்கள் வீட்டில் ஆண்டவருக்கென்று ஒரு டப்பா இருந்தது. எப்போதோ பிஸ்கட் வந்த தகர டப்பா. மூடியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். சோற்றுக்கு அரிசி களைவதற்கு முன்னால் அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாங்கள் இருந்தது டெல்லியில், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில். எழுபதுகளில் அங்கே ரேஷனில் கோதுமை தாராளமாகவும் அரிசி கிள்ளியும்தான் கிடைக்கும். ஒரு கைப்பிடி என்பது பெரிய விஷயம்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் ஒட்டுதல் கிடையாது. எங்களைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "உங்க ஆண்டவருக்கும் ஒரு ரேஷன் கார்டு எழுதி வாங்கிருவோமா?" என்று அம்மாவைக் கிண்டல் செய்வார். அம்மா பாட்டுக்கு அரிசி களைவாள். அவள் நர்ஸ். இதைவிடக் கடுமையான பேச்சையெல்லாம் வார்டில் தினமும் கேட்டுப் பழகியவள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மழைக்காலத்தில் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்க் கீழே புல்தரையில் நிறுத்துவார். மாடி ஜன்னலுக்கு அம்மா வந்து கையசைப்பாள். ஒரு வாரம் அப்படி வந்தாள். அப்புறம் ஒருநாள் ஜன்னலில் யாருமே வரவில்லை.

"அம்மா ஒறங்குதா. நாளைக்குப் பாப்போம்" என்றார் அப்பா.

நான் வந்து நிற்கிறேன் என்று தெரிந்தும் தூங்குகிற அம்மா இல்லை அவள். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வாரமாக அப்பாதான் சமைக்கிறார். அப்படியானால் டப்பாவில் யார் போட்டிருப்பார்கள்? ஒருவரும் போட்டிருக்கமாட்டார்கள். பிறகு ஆண்டவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மறுநாளே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் டிப்போவில் பால் வாங்கி வருவது என் வேலை. நான் வரும்போது அப்பா சோற்றை இறக்கிவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். அந்தச் சமயம் பார்த்து ஒரு கைப்பிடி அரிசி. ராத்திரிக்குத்தான் சிக்கல். ராத்திரிக்கு எங்கள் வீட்டில் சப்பாத்தி. அரிசி சமைக்காத வேளைக்கு அரிசியைப் போடுவது ஆண்டவரை ஏமாற்றுவதாகப் பட்டது. நாம் தின்பதிலிருந்துதானே கொடுக்கவேண்டும்? ஆகவே ஒரு கைப்பிடி ஆட்டா போட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் கிண்டல் செய்தே மானத்தை வாங்கிவிடுவார் என்று மூச்சுவிடவில்லை.

நாலைந்து நாளில் ஓர் அதிசயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், நான் விட்டுப்போன இடத்தைவிட மட்டம் ஏறியிருந்தது. என் சின்னக் கைக்கு அவ்வளவு வராது. யார் போடுகிறார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஆண்டவருக்குக் கோபம் ஆறிவிட்டது. டப்பா நிறைந்தால் அம்மா வந்துவிடுவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்பா அந்த நாட்களில் கிண்டலையே மறந்திருந்தார். சப்பாத்தியைக் கருக்கினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்காவது ஆண்டவர் இருக்கிறார், அவருக்கு யாருமே இல்லையே.

மூடி சரியாக உட்காராத அளவுக்கு டப்பா நிறைந்த வாரத்தில் அம்மா வீட்டுக்கு வந்தாள். கை மெலிந்து, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. சனிக்கிழமை, மறுநாள் கோயிலுக்குக் கொண்டுபோவதற்காக டப்பாவைச் சுளகில் கவிழ்த்தாள். மாவு பறந்தது.

"ஏங்க, இது என்ன கூத்து? அரிசிக்குள்ள ஆட்டா கெடக்கு! யாரு போட்டது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காணிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நான்தான் போட்டேன். ராத்திரி சப்பாத்திதான சுட்டோம்? எது சமைக்கோமோ அதுல இருந்துதான போடணும்?"

என் மனதில் இருந்த நியாயத்தை வரி பிசகாமல் சொல்கிறார். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அதுவும் ஆண்டவருடைய விஷயத்தில் பொய். அம்மா சலித்து, அரிசியை ஒரு பையிலும் ஆட்டாவை ஒரு பொட்டலத்திலும் கட்டினாள். "ஆண்டவருக்கு வச்சத நாம திங்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அப்பா வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. எங்கள் பின்னாலேயே கோயிலுக்குள் வந்து, ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் சொல்ல ஆசைப்படும் பிள்ளைகள் முன்னால் வரலாம் என்று போதகர் கூப்பிட்டதும் நான்தான் முதலில் ஓடினேன்.

"எங்க அம்மாவ சொகமாக்குனதுக்கு ஸ்தோத்திரம். நான் டப்பாவுல ஒரு கைப்பிடி போட்டா நீங்களும் ஒரு கைப்பிடி போட்டதுக்கு ஸ்தோத்திரம். ஆட்டா போட்டது நான்தான். அப்பா எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க. அவங்கள மன்னிச்சிருங்க."

கோயிலே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி ஆண்கள் பக்கத்தின் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அப்பா சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. உடம்பு தேறி வந்த நல்ல நாளில் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் அப்பா பழையபடி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். டப்பாவும் அம்மாவின் ஒரு கைப்பிடி வேகத்துக்கு இறங்கிவிட்டது. எனக்கு அப்பாவை நினைத்துத்தான் கவலை. ஆண்டவரே, எங்கள் அப்பாவுக்கும் கொஞ்சம் விசுவாசத்தைக் கொடும் என்று, அதற்குப் பிறகு பல வருடங்கள், படுக்கப் போகுமுன் தவறாமல் முழங்கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.