மதிப்பீட்டில் இல்லாத கூரை

மாமி என்னிடம் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை நான் ஏணியில் நின்றேன். கீழே வெயிலுக்குக் கையை நெற்றியில் பிடித்தபடி, "மகன், ஓடு கொஞ்சம் கூடப் போட்டு எழுதுங்க" என்றார். "கூட வேணாம், காணும் மாமி, நான் சரியாத்தான் எழுதுவன்" என்றேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னேனே தவிர, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்போது அவர் இன்னும் எனக்கு மாமி ஆகியிருக்கவில்லை. கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மண்டூரில் பெண்ணுக்குக் கொடுக்கவிருந்த வீடு சுவர் எழும்பி, கைமரம் ஏறி, ஓட்டுக்குக் காத்து நின்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பான். கூரை மூடினால்தான் கல்யாணம். நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தன், ஊர் வாயில் ரீ.ஓ. ஊருக்கெல்லாம் மதிப்பீடு எழுதுகிற கை சும்மா இருக்குமா? மரவேலைக்கு வந்திருந்த ஓடாவியார் முகட்டில் இருந்தபடி, "மாப்பிள தனக்குத் தாற வீட்டத் தானே அளக்கார், குறைய அளப்பாரா?" என்று கேலி செய்தார். நான் குறையத்தான் அளந்தேன்.

ஓட்டுக் கணக்கில் பலரும் விடுகிற பிழை, வீட்டின் நிலத்தை அளப்பது. கூரை சாய்ந்து கிடப்பதால் அது எப்போதும் நிலத்தைவிடப் பெரியது. முகட்டிலிருந்து கைமரத்தின் வழியே கூரை முடியும் இறவாணம் வரை அளந்து, வீட்டின் நீளத்தால் பெருக்கி, இரண்டு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் உடைவுக்கென்று நூற்றுக்குப் பத்து கூட்டுவது வழக்கம். எங்களூருக்கு அது கட்டாயம் வேண்டும். ஓடு லொறியில் குலுங்கி வந்து, குருமண்வெளியில் பாதையில் ஏறி (வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்) இக்கரையில் இறங்குவதற்குள் எத்தனையோ வெடித்துவிடும். நான் அந்தப் பத்தை மூன்றாக்கினேன். வைக்கோல் பரப்பி அடுக்கச் சொன்னேன். பாதையில் லொறியோடு நானே நின்று வந்தேன். என் கணக்கு எவ்வளவு சுத்தம் என்று பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்ற திமிர், வேறொன்றுமில்லை.

இரண்டாவது தடவை தேத்தண்ணி தரும்போது கேட்டார். மூன்றாவது தடவை, மாமா ஓட்டுக்குச் சொல்லப் புறப்பட்ட அன்று, வாசல் படலையடியில் வைத்து மெதுவாகக் கேட்டார். மாமாவுக்குக் காது கூர்மை. "மருமகன் எழுதினா எழுதினதுதான். ஒண்டும் கூட வேணாம்" என்று என் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். எழுதியதற்கு மேல் ஒரு ஓடும் வாங்கமாட்டார், குறையவும் வாங்கமாட்டார்.

கூரை மூடி முடிய ஏழு ஓடு மிஞ்சியது. ஏழே ஏழு! அதைச் சபைக் கந்தோரில் வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமி அந்த ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வீட்டின் பின்வளவில் அடுக்கினார். துப்புரவான மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மாமியும் மாமாவும் பாயையும் பானை சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார்கள். சீமெந்து மூட்டை வைப்பதற்காக அடித்த தென்னோலைக் கிடுகுக் கொட்டில் அங்கே இருந்தது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னால் ஒதுங்குவது எங்களிடையே புதுமை இல்லை. என் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் அப்பா அம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

முதல் மாரிக்குக் குடையோடு போய்ப் பார்த்தேன். கொட்டிலுக்குள் நாலைந்து இடத்தில் சட்டி வைத்திருந்தது. மாமா தலை வைக்கும் பக்கத்துக்கு நேர் மேலே, கிடுகில் அந்த ஏழு ஓடுகளையும் செருகியிருந்தார் மாமி. மாமி படுக்கும் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதுக்கும் ஓடு போட்டிருக்கலாமே மாமி" என்றேன், யாரோ மூன்றாம் ஆள் மாதிரி.

"அதுக்குத்தானே மகன் அப்ப கேட்டன்" என்றார், ஈரத் துணியைப் பிழிந்தபடி. குரலில் கோபம் இல்லை. "எங்களுக்கெண்டு சொன்னா மாமா விடமாட்டார். உங்களுக்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சி."

அடுத்த வருடம் போடுவோம் மாமி என்றேன். அடுத்த வருடம் பிள்ளை பிறந்தாள். அதற்கடுத்த வருடம் மாற்றலாகி உன்னிச்சைப் பக்கம் போனேன். நாலாம் வருடம் தகரம் போட்டுக் கொடுத்தேன். மாரிக்கு ஒழுகவில்லை, கோடைக்கு உள்ளே இருக்க முடியவில்லை. மாமா அந்தத் தகரத்தின் கீழேதான் கண்ணை மூடினார். ஆறு வருடம் கழித்து மாமியும். எத்தனையோ பேரின் வீட்டுக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் பேனை நிற்கும். வெட்கம் பழகிப்போகும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை, அலுப்பாக மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது எங்கள் மகளுக்குப் பேசி முடித்திருக்கிறோம். இந்த வீடுதான் அவளுக்கு. பழைய ஓடுகளைக் கழற்றிவிட்டு நிறத் தகடு போடப்போகிறோம். வரப்போகும் மருமகன் கட்டட வேலை படித்தவர், தங்கமான பிள்ளை. ஏணிகூட வைக்கவில்லை, சிவப்பு வெளிச்சம் அடிக்கிற சின்னப் பெட்டியால் அளந்து, தொலைபேசியில் தட்டி, அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். "சரியாக் கணக்குப் பாத்திருக்கன் மாமா. ஒரு தகடும் மிஞ்சாது" என்றார், சந்தோசமாக.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ரீ.ஓ.வாக இருந்து ஓய்வுபெற்றவன், வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்க முடியாமல் கதிரையில் கிடந்தேன். பிள்ளை நம்மை என்ன நினைக்கும், கொடுக்கிற நேரத்தில் கேட்கிறார்கள் என்று நினைக்காதா? மாமி மூன்று தடவை கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த இரண்டு நாளில்தான் விளங்கியது.

மூன்றாம் நாள் காலையில் அவர் தகட்டுக்குச் சொல்லப் புறப்பட்டார். எழும்பிப் போனேன்.

"மகன், பின்னுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கூரை வேணும். அதையும் சேத்துத்தான் சொல்லோணும்."

பிள்ளை பெட்டியைப் பையிலேயே விட்டுவிட்டு, அலுமாரிக்கு மேல் கிடந்த என் பழைய நாடாவை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். "எவ்வளவு நீளம் மாமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வயதான சனம் இருக்க எவ்வளவு கூரை வேண்டும் என்று நான் ஒருநாளும் அளந்ததில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கிணற்றடியிலிருந்து பத்து அடி எட்டி வைத்து, காலால் மணலில் ஒரு கோடு கிழித்தாள். "இவ்வளவு காணும் தம்பி" என்றாள்.

"காணாது" என்றேன். நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அவளையும் அவள் கிழித்த கோட்டையும் தாண்டி வேலி வரை நடந்தேன்.