சரஸ்வதி படத்தடியில் தோல்

சத்திரசிகிச்சையில் வெட்டி ஒதுக்கிய தோல்துண்டிலிருந்து உயிர்க்கலங்களைப் பிரித்து, மூன்று கிழமையாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் மனிதத் தோல் வளர்த்து வந்தேன். தீக்காய மருந்தொன்றை அதில்தான் சோதிக்க வேண்டும். உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரை விட்டு அது வெளியே வரக் கூடாது.

விஜயதசமிக் காலை ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தால், சரஸ்வதி படத்தடியில், புத்தகங்களுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் நடுவே அந்தக் கிண்ணம். மூடியில் சந்தனப் பொட்டு. நேற்றுப் பூசைக்கு வைத்தது. உள்ளே தோல் கலங்கிச் சுருங்கிச் செத்திருந்தது.

“அக்கா, இத ஆர் வெளியால எடுத்த?”

“நான்தான் சேர்,” என்றார் ஆய்வுகூட உதவியாளர். “எல்லார்ட சாமானும் வெச்சாச்சு. உங்கட தோல மட்டும் விட மனம் வரல்ல.”

கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். போன முறை தோல் வளராதபோது, “சரஸ்வதிக்கு வெச்சிருந்தா வளர்ந்திருக்கும்” என்று அவரிடம் பகிடி விட்டவனே நான்தான்.

“இண்டைக்கு ஏடு தொடக்குற நாள் சேர். புதுசாத் தொடங்குங்க.”

தொடங்கத் தோல் வேண்டுமே. சத்திரசிகிச்சை வார்ட்டுக்குப் போன் எடுத்தேன். “இந்தக் கிழமை ஒண்டுமில்ல, பாப்பம்” என்றார்கள். அக்கா நீட்டிய பிரசாத அவலைக் கோபத்தோடேயே மென்றேன்.