திக்லிபூர் லவ் பேர்டுக்கு வயித்தால போன கதை

தகரக் கூரையில மழை அடிச்சு ஊத்தும்… அது கொஞ்சம் ஓய்ஞ்சதும் வராண்டாவுல 'டிக்… டிக்…'னு ஒரு சத்தம் கேக்கும். எங்க லவ் பேர்ட் தினையை உடைச்சுத் தின்னுற சத்தம்.

இப்போ பட்ஜிங்கறாங்க. எழுபதுகள்ல எங்களுக்கு அது லவ் பேர்ட்தான். ஜோடியே இல்லாம ஒத்தையா கெடந்தாலும் லவ் பேர்ட்!

நான் அப்போ அந்தமான்ல, திக்லிபூர்ல ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட். கல்யாணமாகிப் புதுசு. எங்க வீட்டுக்காரருக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை. கிளம்பினா எப்போ திரும்புவார்னு அவருக்கே தெரியாது. கல்கத்தாவுல இருந்து அந்த நீலக் குருவியைக் கொண்டாந்து கையில குடுத்து, "நான் இல்லாதப்போ இதுகூடப் பேசிட்டு இரு"ன்னுட்டுக் கப்பல் ஏறிட்டார். மனுஷன் பேசுறதே அவ்வளவுதான்.

அவர் போன கொஞ்ச நாள்ல அதுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது.

நல்லா இருக்கிற குருவியோட எச்சம் கறுப்பும் வெள்ளையுமா, சின்னதா, கெட்டியா இருக்கும். இது தண்ணியா… ஒரு நாள் பச்சை, ஒரு நாள் மஞ்சள். வாலுக்கடியில எல்லாம் ஒட்டிக்கிட்டு, உடம்பை உப்பிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கும். எனக்கு உசுரே இல்ல. இது செத்துப்போச்சுன்னா கடல்ல இருக்கிற மனுஷனுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான்! ஆனா தனியா இருக்கிறவளுக்கு மழை நாள்ல வேற என்னத்தத் தோணும்?

மாட்டு டாக்டரைப் போய்க் கேட்டேன். "மாடுன்னா சொல்லுவேன்மா…"ன்னு சிரிச்சுட்டார்.

சரி, வயித்தால போனா எங்க வீட்ல பட்டினிதானே வைத்தியம்? கீரையை நிறுத்தினேன். தினையைக் குறைச்சேன். கொதிக்கவெச்சு ஆறின தண்ணி வெச்சேன். காலையில அரை ஸ்பூன் தினை போட்டுட்டு ஆபீஸ் போவேன். சாயங்காலம் வந்து பாத்தா, கூண்டுக்கடியில விரிச்ச பேப்பர் முழுக்க அசிங்கம்.

உள்ள போறது அரை ஸ்பூன்… வெளிய வர்றது இவ்வளவா? எங்கேருந்துப்பா வருது? நாளைக்கு இன்னும் கொஞ்சம் குறைப்போம்னு குறைச்சேன். இன்னும் ஜாஸ்தியாச்சு! தலையைப் பிச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல இன்னொரு குழப்பம். வரிசை குவார்ட்டர்ஸ், எல்லா வீட்டுக்கும் ஒரே வராண்டா. பக்கத்து வீட்டு பெங்காலி பௌதி, நம்ம ஊர்ல அண்ணின்னு கூப்பிடுற மாதிரி, திடீர்னு மீன் குழம்பும் சோறும் கொண்டாந்து நீட்டினாங்க. மறுநாள் மலையாளி சேச்சி அவிச்ச கப்பக்கிழங்கு. கடைசி வீட்டுத் தெலுங்குக்காரர் பப்பு, அதான் அவங்க ஊர்ப் பருப்பு, குடுத்தனுப்பினார். என்ன விசேஷம்னு கேட்டா ஒருத்தரும் சொல்லல. "காவோ, காவோ"ங்கறாங்க. சாப்பிடு, சாப்பிடு… அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் விளங்கல.

ஒருநாள் தலைவலின்னு மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

வராண்டாவுல பாத்தா… பௌதி கூண்டுக் கம்பிக்குள்ள பொரியும் தேங்காயுமா தள்ளிக்கிட்டு இருக்காங்க. சேச்சி கையில கப்பக்கிழங்கு. தெலுங்குக்காரர் பச்சை மிளகாயை நீட்டிக்கிட்டு நிக்கிறார்! கிளி ஜாதியாம், காரம் பிடிக்குமாம். ஐயோ சாமி!

"என்ன பண்றீங்க எல்லாரும்? அதுக்கு வயிறு சரியில்ல!"ன்னு தமிழும் இந்தியுமா கத்திட்டேன்.

பௌதி அதுக்கு மேல கத்தினாங்க. "பேச்சாரா பூக்கா மர் ரஹா ஹை!" பாவம், பசியில சாகுதாம். "கிண்ணத்துல ஒண்ணும் இல்ல. உன் அடுப்பும் எரியறதில்ல. புருஷன் கப்பல் ஏறினதுல இருந்து நீயும் சாப்பிடுறதில்ல, இதுக்கும் போடுறதில்ல. நாங்க பாத்துட்டுச் சும்மா இருக்கணுமா?"

அடப்பாவிகளா… நான் குறைக்கக் குறைக்க அவங்க கூட்டியிருக்காங்க!

சிரிச்சேனா அழுதேனான்னு ஞாபகம் இல்ல. அடுப்பு எரியாதது நிஜம்தான். ஒரு ஆளுக்கு என்னத்தச் சமைக்கிறதுன்னு டீயும் பன்னுமாத்தான் ஓட்டிட்டு இருந்தேன். அதைக் கவனிக்க ஆள் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசி, இனிமே தினை மட்டும், ஆனா வயிறு நிறையன்னு முடிவாச்சு. குருவி தேறிடுச்சு. எனக்கு வர்ற சாப்பாடு மட்டும் நிக்கவே இல்ல. கப்பல்ல இருந்து வந்த மனுஷன் கூண்டையும் பாத்து என்னையும் பாத்து, "குண்டாயிட்ட"ன்னார். யாரைச் சொன்னார்னு கடைசி வரைக்கும் சொல்லல.

அவர் போய்ச் சேர்ந்தாச்சு. நான் இப்போ சென்னையில ஒரு ஃபிளாட்ல. துணைக்கு இருக்கட்டும்னு பொண்ணு ஒரு பட்ஜி வாங்கிக் குடுத்திருக்கா. பாக்கெட்ல சுத்தமான தீனி. எச்சம் பொட்டு வெச்ச மாதிரி கெட்டியா இருக்கு.

போன வாரம் செக்கப்புக்குக் கொண்டு போனப்போ டாக்டர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். சின்னப் பையன். "பட்டினி போட்டது பெரிய தப்பு மேடம், இத்துனூண்டு பறவை தாங்காது"ன்னார். "அப்போ அவங்க போட்டதுதான் காப்பாத்துச்சா?"ன்னேன். "அதுவும் தப்புதான்"னார். அப்ப எப்படித்தான்யா பிழைச்சுது? அவருக்கும் தெரியல.

அப்புறம் கேட்டார், "இதுக்கு உங்களைத் தவிர வேற யாராவது ஏதாவது குடுக்கறாங்களா மேடம்?"

"யாரும் இல்ல டாக்டர். கதவைத் தட்டக்கூட ஆள் கிடையாது"ன்னேன்.

"வெரி குட்"னார்.

அதுல என்ன வெரி குட்டுன்னு எனக்கு இன்னும் புரியல.