இரண்டு கான் கடல்

சந்தியோகு தன் செத்த பெண்சாதியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருக்கிறார் என்று மீன்காரி செபஸ்தியம்மாவுக்குச் சொன்னது அவளுடைய மச்சாள். மச்சாளுக்குச் சொன்னது சில்லாலையில் கள்ளுக் கொட்டில் வைத்திருக்கும் ஒருவர். செபஸ்தியம்மா அதைப் பண்டத்தரிப்பு உபதபாற் கந்தோரில், முத்திரை விற்கும் யன்னலுக்குள் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம், கதைக்கு உரியவர் வெளியே றோட்டால் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் கரியரின் இருபக்கமும் இரண்டு பிளாஸ்ரிக் கான்கள் தொங்கின. இரண்டிலும் மாதகல் கடல் தளும்பியது.

“பாருங்கோ மிஸ், பாருங்கோ. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. மனிசர் ஆரும் கடலை வீட்டை காவிக்கொண்டு போவினமோ?”

தபால் அதிபர் ஞானாம்பிகை எட்டிப் பார்த்தாள். முத்திரை குத்திக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “காலிலை வருத்தமாம். உப்புத் தண்ணியிலை கால் வைக்கச் சொல்லிப் பரியாரியார் சொன்னவராம். எனக்கு அப்பிடித்தான் சொன்னவர்.”

“எனக்குச் சொன்னது கருவாடு போட எண்டு. மீன் பிடிக்கவே விடாத காலத்திலை உவருக்கு எங்காலை கருவாடு?”

சந்தியோகுவிடம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பங்குச் சுவாமியாரிடம், சோற்றைக் கடல்தண்ணீரில் அவித்துச் சாப்பிடுவதாக நேர்த்திக்கடன் என்றார். பக்கத்து வளவு வாத்தியாரிடம், தென்னைக்கு ஊற்ற என்றார். எவருக்கு எதைச் சொன்னார் என்பதை அவர் மறந்ததே இல்லை. வாத்தியாரைக் கண்டால் தென்னையைப் பற்றிப் பேசுவார். கந்தோர் வாசலுக்கு வந்தால் மட்டும் இடது காலை இலேசாக இழுத்து நடப்பார்.

ஐம்பத்தெட்டு வயது. குருநகரில் பிறந்து முப்பது வருடம் சங்கு குளித்தவர். தலைமயிர் உப்பில் வெந்து தும்பு நிறமாகிவிட்டது. ஆழத்தின் அமுக்கத்தில் இடது காது உடைந்து போய்விட்டது; வலது காதில் கத்தினால் கொஞ்சம் ஏறும். அதனால் எவர் கதைத்தாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பழகாத பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். போரினால் கடலில் இறங்கத் தடை வந்தபின் குருநகரை விட்டு, வெளிநாடு போன ஒரு சொந்தக்காரரின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு, பெண்சாதி லூர்த்தம்மாவோடும் மகன் கனிசியசோடும் வந்து சேர்ந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு பங்குனியில் லூர்த்தம்மா தன் தங்கையோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினாள். வள்ளம் போய்ச் சேரவில்லை. ஐந்து சடலங்கள் கரை ஒதுங்கின. அவளுடையது ஒதுங்கவில்லை. வைகாசியில் இராணுவம் நடத்திய சுற்றிவளைப்பில் கனிசியசைப் பிடித்துத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதத்துக்குள் வீட்டில் சந்தியோகு ஒருவர்தான் மிச்சம். அதற்குப் பிறகுதான் ஊர் அந்தக் கான்களைக் கவனிக்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் கந்தோருக்கு வருவார். கொழும்புக்கு ஒரு ட்ரங்க் கோல். காது கேளாததால் அவருக்காக ஞானாம்பிகைதான் கதைக்க வேண்டும். மறுமுனையில் ஒரு முதலாளி, முன்பு அவரிடம் சங்கு வாங்கியவர். கரகரத்த குரல். எடுத்தவுடன் ஒரே கேள்விதான்.

“சாமான் உயிரோடையோ?”

முதல் தடவை ஞானாம்பிகை யன்னல் பக்கம் திரும்பி, அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாள். “சாமான்… உயிரோடையோ எண்டு கேக்கிறார்.”

சந்தியோகு அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஓம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. காலமையும் அசைஞ்சது.”

“காலமையும் அசைஞ்சதாம்” என்று அவள் கொழும்புக்குச் சொன்னாள். உடுவிலில் ஒழுங்கான குடும்பத்தில் பிறந்து, கான்வென்ற் இங்கிலீசு படித்து, பதினொரு வருடம் பிறத்தியாருடைய தந்தியை வாசித்து வாசித்து எதையும் கேளாதிருக்கப் பழகியவள். கேட்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, செபஸ்தியம்மாவின் மச்சாள் சொன்ன கதை அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டே வந்தது.

கார்த்திகையில் முகாமிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. தபாற்காரர் தம்பிஐயா அதை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“மிஸ், நான் உந்த வீட்டுக் கேற்றைத் திறக்கமாட்டன். மற்றதெல்லாம் மதிலுக்கு மேலாலை எறிஞ்சுபோட்டு வந்தனான். உது மகன்காரன்ரை எழுத்து. எறிய மனம் வரேல்லை.”

“என்ன பயம் தம்பிஐயா அண்ணை? பட்டப்பகலிலை?”

“பகலிலைதான் மிஸ் கேக்குது. மத்தியான வெயிலுக்கை, ஊர் அடங்கின நேரம். நகத்தாலை சுவரைப் பிறாண்டுறமாதிரி. பிறாண்டும், நிக்கும். திருப்பியும் பிறாண்டும். வேணுமெண்டால் என்ரை ஒரு நாள் சம்பளத்தை வெட்டுங்கோ.”

சனிக்கிழமை கந்தோரைப் பூட்டிவிட்டு ஞானாம்பிகை தானே போனாள். கேற் பூட்டியிருக்கவில்லை. முற்றம் கூட்டித் துப்புரவாக இருந்தது. அடுப்படிக்குப் பின்னால், சுவரோடு சாய்த்து இறக்கித் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு பத்தி. அதற்குள்ளிருந்து தம்பிஐயா சொன்ன சத்தம் வந்தது. பிறாண்டியது. நின்றது. அவளும் நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று கால் நினைத்தபோது பின்னால் சந்தியோகு வந்து நின்றார்.

அவள் தபாலட்டையை உரத்து, வாயைத் திறந்து திறந்து வாசித்தாள். நான் சுகம். நீங்கள் சுகமோ? உடுக்கச் சாரம் ஒன்று அனுப்பவும். அவ்வளவுதான். திகதி ஆவணி மாதத்தினது. மூன்று மாதத்துக்கு முந்திய சுகம். சந்தியோகு அட்டையை வாங்கி, எழுதப்படாத இடத்தைத் தடவிப் பார்த்தார். பத்திக்குள் மீண்டும் பிறாண்டியது. அவருக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவளுடைய முகம் பத்திப் பக்கம் திரும்பியது தெரிந்தது.

“சத்தம் வெளியிலை கேக்குதோ பிள்ளை?”

“கேக்குது.”

“வெள்ளிக்கு வெள்ளி என்ரை வாயாலை நீங்கள்தான் கதைக்கிறியள். என்னத்தைப் பற்றிக் கதைக்கிறியள் எண்டு பாத்துப்போட்டுப் போங்கோ.”

உள்ளே ஒரு சீமெந்துத் தொட்டி. அதன்மேல் விரித்திருந்தது ஒரு பெண்ணின் நீலச் சேலை. நுனி வெளியே தொங்கியது. ஞானாம்பிகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சேலையை நாலாய் மடித்து வைத்தார். அதன்கீழ் பனையோலைப் பாய், பாயின்கீழ் பழைய வலை, வலையின்கீழ் தகரம். தகரத்தைத் தூக்கியதும் மாதகல் கரையின் மணம் அந்த இருட்டறையில் எழும்பியது.

முழங்கால் அளவு தண்ணீர். அடியில் கடல்மணல். மணலில், இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் பருமனில், தவிட்டு நிறத் தோலோடு ஒரு சங்கு கிடந்தது. அதன் வாயிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு தசை வழிந்து, மணலை அணைத்து, மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. ஓடு தொட்டிச் சுவரில் உரசியது. பிறாண்டியது அதுதான். ஆனால் ஞானாம்பிகை பார்த்தது அந்தத் தசையை அல்ல. சங்கின் வாய் திறந்திருந்த பக்கத்தை.

“வலம்புரி” என்றாள். கைகள் தாமாகவே குவிந்தன.

“கும்பிடுங்கோ பிள்ளை, தொடாதேங்கோ. கையிலை சவுக்காரம் இருந்தால் அதுக்கு ஆகாது.” தொட்டிக்கு மேல் சுவரில் அந்தோனியார் படம் ஒன்று ஆணியில் தொங்கியது. “என்ரை அப்பு அறுபது வருசம் குளிச்சார். உப்பிடி ஒண்டைக் காணாமலே செத்தார்.”

லூர்த்தம்மாவின் வள்ளம் போய் ஒன்பதாம் நாள், தடையை மீறி அவளைத் தேடிக் கடலில் இறங்கினாராம். “கலங்கின தண்ணி. கையாலை தடவித் தடவிப் போனன். ஒரு கை தட்டுப்பட்டமாதிரி இருந்தது. அவள்தான் எண்டு பிடிச்சன். மேலை வந்து பாத்தால் உது.”

பிறகு மகனைப் பிடித்தார்கள். கொழும்பு முதலாளிக்குப் பெரிய இடங்களில் ஆள் இருந்தது. செத்த சங்கைத் தேய்த்து ஒட்டி வலம்புரி என்று விற்கும் கள்ளர்களிடம் அவர் இரண்டு தரம் ஏமாந்தவர். தோலோடும் உயிரோடும் தன் கண்ணால் கண்டால், கனிசியசை வெளியே எடுத்துத் தருவதாகச் சொன்னார். செத்தது என்றால் பேச்சே இல்லை. நாள் குறிப்பார்; பாதை சரியில்லை என்று தள்ளிப்போடுவார். அதுவரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும், ஒருவரும் அறியாமல். “இயக்கப் பெடியள் அறிஞ்சால் போராட்டத்துக்கு எண்டு கேட்டு எடுப்பினம். ஆமி அறிஞ்சால் கேளாமலே எடுப்பான். கள்ளனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.”

“அதுக்குப் போய் ஊர் என்ன கதை கட்டியிருக்குது தெரியுமோ உங்களுக்கு?”

“ஊரெங்கை கட்டினது? நான்தான் கட்டினனான். கள்ளுக் கொட்டிலிலை ஒரு நாள் வெறியிலை உளறினமாதிரி உளறிவிட்டன். பூட்டை உடைப்பாங்கள் பிள்ளை. நாயை நஞ்சு வைச்சுக் கொல்லுவாங்கள். உந்தத் தொட்டியைத் திறக்க ஆருக்கும் கை வராது.” மடித்து வைத்த சேலையைப் பார்த்தார். “இருக்கேக்கையும் அவள்தானே வீட்டுக்குக் காவல். இப்பவும் காக்கட்டும்.”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

அவர் தொட்டி விளிம்பில் குனிந்தார். தண்ணீருக்குள் சுட்டுவிரலை விட்டார். “சில நேரம் தகரத்தைத் தூக்கேக்கை, உள்ளுக்கை சங்குதான் கிடக்குதெண்டது மறந்துபோகுது. அப்ப கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்குறனான்.”

விரலால் அந்தத் தசையைத் தொட்டார். வாய்க்குள் மாதாவின் அருள்நிறை மந்திரத்தைச் சொன்னார். மந்திரம் பாதியை எட்டமுன் தசை சுருங்கி ஓட்டுக்குள் இழுபட்டது. அவருடைய முகம் விளக்கேற்றினாற்போல ஆனது. “பாதி மந்திரம். சுகமாயிருக்கிறார்.” யாரைச் சொன்னார் என்று ஞானாம்பிகை கேட்கவில்லை.

அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமை கோலில், வரும் திங்கள் காரோடு வருகிறேன் என்று முதலாளி சொன்னார். ஞானாம்பிகை அதைச் சொன்னபோது, சந்தியோகு இடது காலை இழுக்க மறந்து வாசற்படியைத் தாண்டிப் போனார்.

சனிக்கிழமை விடியக் கடற்படையின் பீரங்கிப் படகுகள் மாதகலுக்கு முன்னால் வந்து நின்றன. கரையில் செல் விழுந்தது. ஒரு குருவியையும் அந்தப் பக்கம் போக விடவில்லை. அன்றே மாரிமழையும் பிடித்தது. கிடுகு ஒழுகித் தொட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியது. திங்கள் வந்தது. கார் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஞானாம்பிகை கந்தோர்க் கதவைத் திறந்தபோது சந்தியோகு படியில் நனைந்துபோய் நின்றார். சைக்கிளில் கான்கள் இல்லை.

“பிள்ளை, ஒருக்கா கொழும்பை எடுங்கோ. இண்டைக்கே காரோடை வரச் சொல்லுங்கோ. தலைகீழாய் நிண்டெண்டாலும் வரச் சொல்லுங்கோ.”

“என்ன நடந்தது அண்ணை?”

“தண்ணி நாறத் துடங்கீற்றுது. கரைக்குப் போகேலாது. ஆனையிறவு உப்பு நாலு கொத்து வாங்கி, கிணத்துத் தண்ணியிலை கரைச்சு விட்டன்.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “முப்பது வருசம் கடலுக்குள்ளை கிடந்தவன் பிள்ளை நான்! உப்பும் தண்ணியும் சேந்தால் கடல் எண்டு நினைச்சன். குசினிக்காரி நினைக்கிற நினைப்பு!”

“அதுக்கு… உயிர் இருக்குதோ?”

“இருக்குது. இருக்குது. நேற்றுத் தொட, ஒரு மந்திரம் முடிய இழுத்தது. இண்டைக்கு மூண்டு சொன்னன். மூண்டாவது முடியுற இடத்திலை ஒரு நூலளவு இழுத்தது. என்ரை பெடியன்…” ஈரக் கையால் முகத்தை வழித்தார். “பின்னேரத்துக்குள்ளை வந்தால் காட்டலாம். சொல்லுங்கோ.”

அவள் கறுப்பு ரெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினாள். யாழ்ப்பாணம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கு அநுராதபுரம் கிடைக்க நெடுநேரம் எடுத்தது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. கம்பிக்குள் தூரத்தில் ஏதோ கிளிக்கென்றது. பிறகு, கொழும்பில், அவள் ஒருநாளும் காணாத முதலாளியின் கடைக்குள், மணி அடிக்கத் தொடங்கியது.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“மிஸ்,” நடுவில் யாழ்ப்பாணத்து ஒப்பறேற்றர் புகுந்தார், “ஆரும் எடுக்கினமில்லை. காலமையிலையிருந்து அந்த நம்பரை வேறை ஆக்களும் கேட்டவை. கடை பூட்டாம். வெட்டட்டோ?”

“வேண்டாம், வெட்டாதேங்கோ. அடிக்கட்டும்.”

சந்தியோகு யன்னல் கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு, அவளுடைய வாயைப் பார்த்தபடி நின்றார். அந்த வாய் கொழும்போடுதான் கதைக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“எடுத்திட்டாரோ? என்ன சொல்லுறார் பிள்ளை?”

ஞானாம்பிகை உதட்டை அசைக்கவில்லை. றிசீவரைக் காதோடு இன்னும் இறுக்கி, கொஞ்சம் பொறுங்கோ என்று மற்றக் கையின் உள்ளங்கையை அவருக்கு நேரே உயர்த்தினாள்.

சந்தியோகு தலையாட்டினார். சங்குக்கு முங்குமுன் செய்வதுபோல நெஞ்சுக் கூடு விரிய மூச்சை உள்ளே இழுத்து, வாயை மூடி, அப்படியே பிடித்துக்கொண்டார். கொழும்பில் மணி அடித்துக்கொண்டிருந்தது. உயர்த்திய கை இறங்கும்வரை, அவர் மூச்சை விடவில்லை.