முள்ளங்கித் தழையும் கண் தெரியாத கரடியும்

கொடைக்கானல் மலையில், பள்ளங்கியிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே சத்துணவு சமைப்பவர் ராஜகுமாரி. நாற்பது வயது. அந்த அடுப்படிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடத்தில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்ட பிள்ளை யாரும் கிடையாது.

ராஜகுமாரிக்குப் பேச்சு திக்கும். எட்டாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்தவர் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார். வகுப்பு மொத்தமும் சிரித்து ஓயும்வரை அப்படியே நின்றார். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. செல்லப்பாண்டியைக் கட்டிக்கொண்டு வந்த பின்னர், கடையோ ஆஸ்பத்திரியோ எங்கே பேச வேண்டியிருந்தாலும் கணவரை முன்னால் விட்டுவிடுவார். சத்துணவு வேலை கிடைத்தபோது அவருக்கு ஒரே நிம்மதி, அடுப்பும் அண்டாவும் பதில் கேட்காது என்பதுதான்.

கைப்பக்குவம் நல்ல பக்குவம். ஆனால் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. கேரட்டும் பீன்ஸும் விளைகிற வீட்டுப் பிள்ளைகள், சாம்பாரில் கிடக்கும் கேரட்டைத்தான் முதலில் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குவார்கள். கீரை போட்ட நாளில் பாதி தட்டு வெளியே கொட்டப்படும். மணி அடித்ததும் கடைக்கு ஓடி மசாலா பாக்கெட் வாங்கித் தின்பார்கள். கை கழுவச் சொன்னால் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் ஊசியாய்க் குத்தும், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒதுக்கிய காய்களை வாளியில் அள்ளும்போதெல்லாம் ராஜகுமாரிக்கு மனசு என்னவோ செய்யும். ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், பூல்மணி வந்து சேர்ந்தாள். ஜார்க்கண்ட்டிலிருந்து வந்த குடும்பம். கொடைக்கானல் ரோட்டில் தங்கும் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மா பிர்சியும் அங்கே வேலை, அங்கேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பு. பூல்மணிக்கு ஏழு வயது. தமிழில் நான்கைந்து சொல்தான் தெரியும். சோற்றையும் முட்டையையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி தங்கள் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கி, தழையைக் கிள்ளி வரப்பில் குவித்திருந்தார். மாட்டுக்குப் போடுவதற்காக. அந்த வழியே போன பிர்சி வந்து நின்று, அந்தக் குவியலைக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாடையாகக் கேட்டார். ராஜகுமாரியும் சாடையாகவே தலையாட்டினார். பேச்சு வராத இருவருக்கும் அந்தச் சாடை போதுமாக இருந்தது.

மறுநாள் பூல்மணி ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். பொடியாய் அரிந்த தழை, நசுக்கிய பூண்டு, வரமிளகாய். ராஜகுமாரி ஒரு வாய் போட்டார். பிறகு டப்பா காலியாகும்வரை நிறுத்தவில்லை. இத்தனை காலமும் மாட்டுக்குப் போட்ட தழைக்கு இப்படி ஒரு ருசியா!

அந்த வாரமே கொஞ்சம் தழையைப் பருப்போடு கடைந்து பள்ளியில் பரிமாறினார். பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், ஒதுக்கினார்கள். பூல்மணி மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த தமிழ்மதியின் தட்டைச் சுட்டிக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"பாலு... பாலு கண்ணு இல்ல. சாக் சாப்ட்டான். கண்ணு வந்துச்சி."

"பாலுக்குக் கண்ணா?" என்று ஒருவன் சிரித்தான். "அப்ப மோருக்கு மூக்கு இருக்குமாலே?"

பூல்மணி விடவில்லை. எழுந்து கைகளை முன்னால் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி ஆட்டி, உறுமிக்கொண்டு நடந்து காட்டினாள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பன்னி என்றார்கள், காட்டுமாடு என்றார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியும் கையுமாக நின்ற ராஜகுமாரிக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. சொல் தொண்டைக்கு வந்துவிட்டது.

"க... க... க..."

நாற்பத்து மூன்று முகங்களும் அவரைத் திரும்பிப் பார்த்தன. எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்து காது சூடானது. ஆனால் இந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. காத்திருந்தார்கள்.

"கரடி!"

"கரடியாடா! கரடியாம்லே!" பிள்ளைகள் குதித்தார்கள். பூல்மணி ஓடிவந்து ராஜகுமாரியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பேச்சில் பாலு என்றால் கரடி, சாக் என்றால் கீரை. அன்று அந்தக் கதையை இருவருமாகச் சேர்ந்து சொன்னார்கள். ஒருத்திக்குக் கதை தெரியும், சொல் தெரியாது. இன்னொருவருக்குச் சொல் தெரியும், வெளியே வராது. பூல்மணி நடித்தாள், ராஜகுமாரி திக்கித் திக்கிச் சொன்னார், பிள்ளைகள் பாதிச் சொற்களை முந்திக்கொண்டு கத்தினார்கள். தேன் மட்டுமே தின்னும் ஒரு கரடி. பொழுது சாய்ந்தால் அதற்குக் கண் தெரியாது, மரத்தில் எல்லாம் முட்டிக்கொள்ளும். கீரை பறிக்கும் பெண் ஒருத்தி அதைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவாள். தினமும் ஒரு பிடி கீரை ஊட்டுவாள். கைப்பிடித்துப் போகிறவள் பெரிய பலசாலி என்று கரடி நினைத்துக்கொண்டிருக்கும். ஏழாம் நாள் சாயங்காலம் கண் திறந்து பார்த்தால், பக்கத்தில் நிற்பது அதன் முழங்கால் உயரமே உள்ள சின்னப் பெண்.

கதை முடிந்தபோது சில தட்டுகளில் கீரை குறைந்திருந்தது. தமிழ்மதி தன் தட்டைக் காட்டி, "அக்கா, நாளைக்கும் வெப்பீங்களா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ராஜகுமாரி பேசத் தொடங்கினார். திக்கல் போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். அடுப்பில் தனியாக ஒரு பானை வெந்நீர் வைத்தார், கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்தது. நாற்பத்து மூன்றாவது பிள்ளை கழுவி முடித்த பிறகுதான் கதை ஆரம்பிக்கும் என்று சொல்லிவிட்டார். பிந்தி வருகிறவனைப் பிள்ளைகளே, "வெரசா கழுவுலே!" என்று விரட்டினார்கள். தலைமை ஆசிரியை தேவசேனா டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் பெற்றோரைக் கூப்பிட ஆரம்பித்தார். தமிழ்மதியின் அம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண், பலாக்கொட்டையை வைத்துப் பேயை ஏமாற்றிய கொழுந்துக்காரியின் கதையைச் சொன்னார். பிர்சியும் வந்து சொன்னார், மகள் மொழிபெயர்த்தாள். எந்த ஊர்க் கதை வந்தாலும் அந்த ஊர்ப் பண்டம் ஒன்று ஏதாவது வகையில் தட்டுக்கு வந்துவிடும்.

அதற்குள் ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பூண்டு விவசாயி நல்லசாமி ஒரு மதியம் நேரே அடுப்படிக்கு வந்தார். அவர் பேரன் மூன்றாம் வகுப்பு.

"மாட்டுக்குப் போடுற தழைய எம் பேரனுக்குப் போடுறியாமே? அதுவும் மருந்தடிச்ச தழை. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ராஜகுமாரி பதில் சொல்ல வாயெடுத்தார். ஒரு எழுத்துகூட வரவில்லை. நல்லசாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒன்கிட்ட பேசி என்ன சோலி" என்று போய்விட்டார். அடுத்த வாரம் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போனது.

நல்லசாமி வந்துபோன அன்றே வீட்டுக்கு வந்து ராஜகுமாரி அழுதார். ஆனால் மருந்து விஷயத்தில் நல்லசாமி கேட்டது நியாயம் என்பதும் அவருக்குத் தெரியும். "நம்ம கொல்லைக்குப் பக்கத்துல ரெண்டு பாத்தி எனக்குக் குடுங்க. அதுல மருந்தே அடிக்கக் கூடாது" என்று கணவரிடம் சொன்னார். செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தார். "பூச்சி பாதியத் தின்னுருமே."

"தி... தின்னுட்டுப் போகட்டும். மீதி நமக்கு."

இரண்டு பாத்தியிலும் முள்ளங்கியும் பீட்ரூட்டும் போட்டார்கள். பறிக்கும் வரைக்கும் பள்ளியில் தழை கிடையாது என்று தேவசேனா டீச்சரிடம் அவரே போய்ச் சொன்னார். ஓட்டை விழுந்த இலைகளோடு முதல் பறிப்பு வந்தது. அதற்கு மறுவாரம், முன்கூட்டிச் சொல்லாமல், ஒன்றியத்திலிருந்து ராஜமுருகன் என்ற அதிகாரி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தகவல் தெரிந்து நல்லசாமியும் வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியும் கையை நீட்டினார், வெந்நீர் பட்டதும் முகம் மலர்ந்தது. பந்தியில் உட்கார்ந்தார். தட்டில் சோறு, கடைந்த தழை, முட்டை.

"இந்தத் தழை எங்கேருந்தும்மா வருது?"

தேவசேனா டீச்சர் பதில் சொல்ல முன்னால் வந்தார். ராஜகுமாரி அவரைக் கையமர்த்தினார்.

"எங்க கொ... கொ..." சொல் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து அதிகாரியும் காத்திருந்தார். "கொல்லைல, சார். மருந்தடிக்காத பாத்தி. சாப்புட்டுட்டு வாங்க, காட்டுறேன். நல்லசாமியண்ணனும் வரணும். அவரு கேட்டதுனாலதான் அந்தப் பாத்தியே போட்டேன்."

நல்லசாமி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் பேரன் காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, நீங்களும் தின்னுங்க, கண்ணு நல்லாத் தெரியும்" என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு. நல்லசாமி உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அதிகாரி பாத்தியைப் பார்த்தார், பூச்சி தின்ற இலையைப் பார்த்தார், மனுவில் ஏதோ எழுதி மடித்துவிட்டுப் போனார். தழையைத் தொடர்ந்து சமைக்கலாம் என்று பத்து நாளில் கடிதம் வந்தது. அதற்கும் முன்னாலேயே நல்லசாமி தன் தோட்டத்தில் மருந்தில்லாத நான்கு பாத்தி ஒதுக்கியிருந்தார். "பேரன் கேட்டான், அதான்" என்றார்.

தை மாதம் செவிலியர் வந்து பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். ஜூன் மாதத்தில் பத்தொன்பது பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தார். இப்போது ஆறு பேர்தான். நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் குடுத்த சத்து மாத்திரையும் ஒழுங்கா முழுங்கியிருக்குதுக, சோறும் ஒழுங்கா தின்னுருக்குதுக. என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டார். "க... கதை சொன்னோம்" என்றார் ராஜகுமாரி. அன்று தேவசேனா டீச்சர் பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டச் சொன்னார்.

போன சித்திரையில் திண்டுக்கல்லில் சத்துணவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. ராஜகுமாரி தழைச் சமையலைச் செய்துகாட்ட வேண்டும் என்று அழைப்பு. தன்னோடு பிர்சியும் பூல்மணியும் வரட்டும் என்று கேட்டு வாங்கினார். வெள்ளனே முதல் பஸ்ஸில் மூன்று பேரும் தழைக்கட்டோடு மலை இறங்கினார்கள்.

மண்டபத்தில் இருநூறு பெண்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எம் பேரு ரா... ரா... ரா..." பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜகுமாரி நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, மைக்கை நெருங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் திக்கும். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா எல்லாம் வந்துரும். எங்க புள்ளைக பொறுத்துக்கிட்டாங்க."

பிறகு, "ராஜகுமாரி" என்றார். கரடிக் கதையைச் சொன்னார், இருபது நிமிடம், அவசரப்படாமல். மாட்டிக்கொண்ட இடத்தில் மாட்டிக்கொண்டு, வந்த இடத்தில் வந்து. பூல்மணி கரடியாக நடந்தாள். பிர்சி அடுப்பில் பூண்டைத் தாளித்தார். கரடி கண் திறந்தபோது இருநூறு பெண்களும் கைதட்டிய சத்தம் தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் இருந்தது. முன் வரிசையில் ஓர் அம்மா எழுந்து நின்றே தட்டினார்.

மேடையை விட்டு இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தழையை எத்தனை தண்ணியில் அலசணும்? கசந்தால் என்ன செய்யணும்? கீழ்நாட்டில் முள்ளங்கி இல்லாத ஊரில் எதைப் போடலாம்? ராஜகுமாரி ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னார். பிர்சி இடையிடையே தன் தமிழில், "பூண்டு ஜாஸ்தி, ஜாஸ்தி" என்று திருத்தினார். மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பதாகக் கணவரிடம் சொல்லியிருந்தார் ராஜகுமாரி. ஐந்தரை பஸ்ஸும் போய்விட்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.