என்னிடம் சொன்ன டாக்டர்

என் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த டெஸ்டின் ரிசல்ட் வந்த அன்று, டாக்டர் அறைக்குள் போனவர் என் கணவர். நான் வெளியே, செருப்புகளுக்குக் காவல். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம்: உடம்பு ஒருவருக்கு, விவரம் கூட வந்தவருக்கு.

"சாதா கட்டிதான். எதுக்கும் இன்னொரு டாக்டர பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

அன்றிலிருந்து மனிதர் மாறிவிட்டார். கேட்காமலே மல்லிகைப்பூ வந்தது. உப்பு, புளி, காரம் என்று ஏதாவது குறை சொல்லாமல் சோறு இறங்காதவர், வைத்ததைத் தலைகுனிந்து சாப்பிட்டார். சரி, நான் சாகப்போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் இன்னும் ஒரு முழம் பூ வரும்.

அடுத்த டாக்டரைப் பார்க்கப் போன நாள் பௌர்ணமி. ஆட்டோவை ஊருக்குள் விடவில்லை. கிரிவலக் கூட்டத்தோடு நடந்தோம். அங்கேயும் என்னை வாசலில் நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டோடு அவர் உள்ளே போனார். போன வேகத்தில் கதவு திறந்தது. சின்ன வயசு லேடி டாக்டர்.

"உடம்பு உங்களுக்குதானேம்மா? உள்ள வாங்க."

"மேடம், அவ தாங்க மாட்டா" என்றார் கணவர்.

டாக்டர் என்னையே பார்த்தார். "நான் உங்ககிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மேடம்."

"கேன்சர்தான்மா. தைராய்டுல வர்றது, மெதுவா வளர்ற வகை. ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் நல்லாயிடும். குரல் கொஞ்ச நாள் கம்மலா இருக்கலாம். மத்தத ஆபரேஷனுக்கு அப்புறம்தான் உறுதியா சொல்ல முடியும்." பிறகு கேட்டார்: "எத நெனச்சு ரொம்ப பயப்படறீங்க?"

"இவரு குறை சொல்லாம சாப்பிடறாரு மேடம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் தனித்தனியா பயந்துட்டு இருந்திருக்கீங்க" என்றார்.

அழுதேன். முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஆபரேஷன் அன்று காலையிலிருந்து என்னென்ன நடக்கும் என்று நிதானமாகச் சொன்னார். பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு வந்தது, நெஞ்சு லேசானது. பக்கத்தில் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபமும் இருந்ததால் கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டவர் என்னைப் பார்த்தார், தயங்கினார்.

"உப்பு ஜாஸ்தி."

"பரவாயில்ல, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது.