கொழுந்தன் விற்ற கப்

போக்கா பிரியேத்தா என்ற கரையோர ஊரில் எர்சீலியா அங்குலோவுக்கு யாரையும் அவ்வளவாகப் பிடிக்காது. அதை மறைத்துக்கொள்ளவும் மாட்டாள். பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் பாதியில் எழுந்து ஓடத்துக்குப் போய்விடுவாள். பொழுது முழுக்கத் தோமினோ ஆட்டத்தில் கட்டை தட்டிக்கொண்டிருக்கும் ஆண்களைக் காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் ஊர் அவளை என்னென்னவோ சொன்னது. ஆனால் அலையாத்திக் காட்டில் அவளைப்போலச் சிப்பி எடுக்க இன்னொருத்தி இல்லை என்பதை மட்டும் யாரும் மறுத்ததில்லை.

சிப்பி எடுப்பது பெண்கள் வேலை. கடல் வற்றும் நேரம் பார்த்து ஓடத்தில் போய், வேர்களுக்கு நடுவே இடுப்புவரை சேற்றில் இறங்கி, கையை விட்டுத் துழாவிப் பியாங்குவா என்கிற கருஞ்சிப்பியைப் பொறுக்க வேண்டும். கொசுவுக்குத் தேங்காய்மட்டையைத் தகரடப்பாவில் புகையப்போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். தண்ணீர் ஏறும்வரை கரை கிடையாது, மறைவு கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது.

விலக்கு நாட்களில் அந்தச் சேற்றுக்குள் துணி கட்டிக்கொண்டு நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். உப்புத்தண்ணீர் ஊறிய துணி தொடையை அரத்தால் ராவியதுபோல ராவும். கடையில் விற்கும் பஞ்சுப் பட்டையோ சேற்றுத்தண்ணீரைக் குடித்து ஊறப்போட்ட ரொட்டிமாதிரி உப்பிவிடும். வீட்டுக்கு வந்து துவைத்துப் போட்டால் காயாது. அந்தக் கரையில் வானம் வெளுப்பதே அபூர்வம். அரை ஈரத் துணியையே மறுபடியும் கட்டி, அரிப்பும் புண்ணுமாக நடப்பார்கள். கேட்டால், பொம்பளை ஜென்மம் என்றால் அப்படித்தான் என்பார்கள். புண்ணைவிட அந்தப் பதில்தான் எர்சீலியாவுக்குக் குமட்டலாக இருந்தது.

துமாக்கோ நகரத்துச் சந்தையில் அவளிடம் வாடிக்கையாகச் சிப்பி வாங்கும் செவிலி ஒருத்தி, அவள் நடை கோணலாக இருப்பதைப் பார்த்து விசாரித்தாள். பிறகு மாதவிடாய்க் கப்பைப் பற்றிச் சொன்னாள். எர்சீலியா நம்பவில்லை. அடுத்தடுத்துச் சந்தைக்குப் போனபோதெல்லாம் போலீஸ்காரன்போல அவளைக் குடைந்தாள். உள்ளே போய்த் தொலைந்துவிடாதா, சிறுநீர் எப்படிக் கழிப்பது, சேறு ஏறாதா. கடைசியில் செவிலி சொன்னபடி மருந்துக்கடையில் ஒன்று வாங்கினாள். மருத்துவச் சிலிக்கானில் செய்தது. நிறமில்லை, வாசனையில்லை. பெட்டியில் செய்தவன் பெயரும் அளவும் இருந்தன. நாலு பெற்றவளுக்குப் பெரிய அளவு சரியாக இருக்கும் என்று செவிலி எடுத்துக் கொடுத்தாள்.

முதல் மாதம் திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தவன் குலத்தையே திட்டினாள். மடித்தால் விரிந்தது, வைத்தால் கசிந்தது, எடுக்கப்போனால் வரவில்லை. நுனிக்காம்பைப் பிடித்து இழுத்து வலியில் பல்லைக் கடித்தாள். அடியைக் கிள்ளிக் காற்றை விட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று செவிலி சொன்னது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாம் மாதம் கை பழகியது. மூன்றாம் மாதம் தண்ணீர் ஏறும்வரை சேற்றில் நின்று சிப்பி எடுத்தவள், ஓடத்தில் திரும்பி வரும்போதுதான் தனக்கு விலக்கு என்பதையே நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததாக அவளுடைய சிநேகிதி டெல்ஃபா சொல்வாள். யாரும் நம்புவதில்லை.

அதைப் பேணுவதில் அவள் தனக்குச் சலுகை கொடுத்துக்கொள்வது கிடையாது. சோப்புப் போட்டு நகக்கண்வரை கழுவாமல் தொடமாட்டாள். காலையில் எடுத்துக் கழுவி வைத்தால் மாலையில் மறுபடி எடுத்துக் கழுவுவாள். விலக்கு முடிந்ததும் மழைத்தண்ணீரில் கொதிக்கவைத்து, துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவாள்.

டெல்ஃபாவுக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே வைப்பது என்றாலே உடம்பு கூசுகிறது என்றாள். பழைய பருத்தி விரிப்பை நாலைந்து மடிப்பாக வைத்துத் தைத்து, அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, மொறுமொறுவென்று காயவைத்துத்தான் எடுப்பாள். சேற்றிலிருந்து ஏறியதும் ஓடத்திலேயே இடுப்பில் ஒரு விரிப்பைச் சுற்றிக்கொண்டு துணியை மாற்றிவிடுவாள். எர்சீலியா முதலில் அதையும் நக்கலடித்தாள். டெல்ஃபாவுக்குப் புண் வருவது நின்றபிறகு நக்கலடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வில்ஃப்ரீதோ பங்கேரா அவளுடைய கொழுந்தன். மரம் வெட்டப் போய் மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராத அவள் புருஷனுக்குத் தாய் வழியில் தம்பி. வேலை என்று ஒன்றைச் செய்து அவனை யாரும் பார்த்ததில்லை. மூட்டுவலிக்குச் செம்புவளையம் விற்றான். வளையம் பச்சைப்பிடித்துக் கையெல்லாம் கறையானதும், நோய் வெளியே வருகிறது என்றான். சொட்டைத் தலையோடு முடித்தைலம் விற்றான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன்னை டாக்டர் என்று கூப்பிடச் சொன்னான். அதன் ஒரு பக்கத்துக் குழாய் அறுந்திருந்தது.

மதினி ஏதோ கப் வைத்திருக்கிறாள், சேற்றில் நாள்முழுக்க நிற்கிறாள் என்ற பேச்சு அவன் காதுக்கு எட்டியதும், நகரத்திலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். ஊதா, ரோஸ், ஜிகினா போட்டது. பெட்டியில் செய்தவன் பெயர் இல்லை, அளவு இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்றான். படகில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, கொதிக்கவைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், வைத்தால் மூன்று நாளைக்கு மறந்துவிடலாம் என்று ஆற்றங்கரை முழுக்கக் கூவினான்.

பெட்டிக்குப் பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருக்க, எர்சீலியா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புதுச் செருப்பு நாற்றம் அடித்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். அவனிடம் வாங்குகிறவள் அனுபவிக்கட்டும் என்பது அவள் எண்ணம். செம்புவளையத்தில் புத்தி வராதவர்களுக்கு வேறு எதில் வரும்.

வாங்கியவர்களில் மைராவும் ஒருத்தி. கல்யாணமாகி அந்த வருஷம்தான் இந்த ஊருக்கு வந்திருந்தாள். வாயில்லாப் பூச்சி. டாக்டர் சொன்னார் என்று ஊதாக் கப்பை இரண்டு நாள் எடுக்காமலே வைத்திருந்தாள். சேற்றிலேயே குளிர்காய்ச்சல் கண்டு விழுந்தவளை டெல்ஃபாவும் எர்சீலியாவுமாகத் தூக்கி ஓடத்தில் போட்டார்கள். துமாக்கோ ஆஸ்பத்திரியில் உடனே ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மைரா பாதியாகியிருந்தாள்.

வில்ஃப்ரீதோ தோமினோப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, கப்பில் ஒரு குற்றமும் இல்லை, அந்தப் பெண் சுத்தமில்லாதவள் என்று சொன்னான். எதிரே இருந்தவர்கள் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார்கள். இதை டெல்ஃபா வந்து சொன்னபோது எர்சீலியா மீனுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை கலைந்த நேரம், வில்ஃப்ரீதோவின் வீட்டு முன்னால் பலகைப்பாதையில் இரண்டு கரியடுப்பு வந்து இறங்கியது. எர்சீலியா ஒரு சட்டி, டெல்ஃபா ஒரு சட்டி. இரண்டிலும் மழைத்தண்ணீர். எர்சீலியா துணிப்பையிலிருந்து தன்னுடைய கப்பை எடுத்து ஒரு சட்டியில் போட்டாள். பிறகு வாசலில் அட்டைப்பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வில்ஃப்ரீதோவின் மனைவி நூபியாவிடம் போய்க் கையை நீட்டினாள். நூபியா மறுபேச்சில்லாமல் புது ஊதாக் கப் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது இரண்டாவது சட்டிக்குள் போயிற்று. சட்டிக்கு ஒன்றாக உரித்த பச்சை வாழைக்காயையும் போட்டாள்.

தோமினோக்காரர்கள் கட்டையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். எர்சீலியா அவனைப் பார்த்த பார்வையில் மிச்சச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். பூசையிலிருந்து வந்த பெண்கள் நின்றார்கள்.

தண்ணீர் கொதித்தது. முதல் சட்டியில் வாழைக்காய் வெந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் தண்ணீர் மெல்ல ஊதாவாயிற்று. டயர் கொளுத்திய நாற்றம் கிளம்பியது. வாழைக்காயின் மேலெல்லாம் ஜிகினா ஒட்டிக்கொண்டு, பெருநாள் அலங்காரம்போல மினுங்கிற்று.

எர்சீலியா தன் சட்டி வாழைக்காயை எடுத்து, உப்புத் தொட்டு, நின்றபடியே தின்னத் தொடங்கினாள். ஆண்களில் ஒருவன் சீ என்றான்.

"எதுக்குவே சீங்கீரு?" என்றாள் அவள், மென்றுகொண்டே. "நீரு அந்த வழியாத்தான வந்தீரு? ஒம்ம ஆத்தா ஒம்மள மானத்துலேருந்தா எறக்குனா?"

அவன் கட்டைகளை அடுக்கத் தொடங்கினான். அவள் ஊதா வாழைக்காயைத் தட்டில் வைத்து வில்ஃப்ரீதோவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"தின்னும் கொழுந்தனாரே."

"மதினி, நான் இப்பந்தான் சாப்ட்டேன்."

"ஒரு துண்டு."

"வெளாடாதீங்க மதினி. ஆம்பளைக்கு எதுக்கு இது?"

"வாழைக்காதான. வாழைக்காயில என்ன ஆம்பள, பொம்பள?" அவள் குரல் உயரவேயில்லை. "ஒம்ம வயித்துல போட்டா நாளைக்குக் காலைல வெளிய போயிரும். மைரா இத ரெண்டு நாளு உள்ள வச்சுருந்தா. நீரு சொன்னீருன்னு வச்சுருந்தா. அவ சுத்தமில்லாதவ, சரி. நீரு சுத்தமான ஆளு. தின்னும்."

வில்ஃப்ரீதோ சுற்றிலும் பார்த்தான். தலையாட்டியவர்களில் ஒருவனும் நிமிரவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வைத்தான். மறுபடி எடுத்து மாட்டினான். நூபியா எழுந்து உள்ளே போனாள். கடைசியில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, படகில் பெட்ரோல் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டே அவனும் எழுந்து போனான்.

எர்சீலியா பெண்கள் பக்கம் திரும்பினாள். மணக்கிறதை, சாயம் போகிறதை, பேரில்லாததை உள்ளே வைக்காதீர்கள் என்றாள். கப்போ துணியோ, உடம்புக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள் என்றாள். கப் என்றால் கொதிக்கவைத்து, காலையிலும் மாலையிலும் எடுத்துக் கழுவ வேண்டும். துணி என்றால் எலும்புபோலக் காய வேண்டும். காய்ச்சல் வந்தால் வைத்திருப்பதை எடுத்துவிட்டு அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்கு ஓடமேறிவிட வேண்டும். இதைக்கூட ஒருத்தி சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சலோடுதான் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊதாவும் ரோஸுமாகக் கப்புகள் வில்ஃப்ரீதோவின் வாசலில் வந்து விழுந்தன. மறுநாள் அவன் மேலாற்றுப் பக்கம் போய்விட்டான்.

அதற்கப்புறம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் செவிலி சொன்ன மருந்துக்கடையில் கப் வாங்கினார்கள். சிலர் டெல்ஃபாவிடம் துணி தைக்கக் கற்றுக்கொண்டார்கள். மைரா கப் பக்கமே திரும்பவில்லை. அவள் அடுப்புக்கு மேலும் ஒரு கம்பி ஏறியது. அவளை மட்டும் எர்சீலியா நக்கலடிக்கவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் நூபியா வந்தாள். படியேறாமல் கீழேயே நின்று, எந்த அளவு வாங்க வேண்டும் என்று கேட்டாள். எர்சீலியாவுக்குப் புரியவில்லை. வீட்டிலேயே பெட்டிபெட்டியாக இருந்ததே என்றாள்.

"அந்த ஆளு விக்கிறத நான் என்னைக்காச்சும் தொட்டுருக்கேனா?" என்றாள் நூபியா. "முடித்தைலத்துல என்ன கலந்தாருன்னு நான் கண்ணால பாத்தவ."

எர்சீலியா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தெரிந்தே பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறாள். தெரிந்தே மைராவின் கையிலும் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வில்ஃப்ரீதோவையாவது முட்டாள் என்று தள்ளிவிடலாம்.

"ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டுமா சும்மா இருந்த?"

நூபியா தலையைக் குனியவில்லை. முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் மோந்து பாத்துட்டுச் சும்மாதான போனீக, அக்கா," என்றாள்.

ஊரில் யார் என்ன சொன்னாலும் உடனே திருப்பிக் கொடுக்கிற எர்சீலியாவின் வாய், எத்தனை பிரசவம் என்று கேட்டது. மருந்துக்கடை எந்தத் தெரு என்று சொன்னாள். மடிக்கிற விதம், அடியைக் கிள்ளி எடுக்கிற விதம், கையைக் கழுவுகிற விதம் எல்லாவற்றையும் வாசல்படியில் நின்றபடியே சொன்னாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. நூபியாவும் எதிர்பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து வில்ஃப்ரீதோ ஞாபகசக்தி டானிக்கோடு திரும்பி வந்தான். ஊர் அதையும் வாங்கியது. நூபியா பெட்டிக்குக் காவல் உட்காருவதை விட்டுவிட்டுச் சிப்பி எடுக்க வந்தாள். முதல் நாள் தண்ணீர் வற்றும்போது எந்த ஓடத்திலும் அவளுக்கு இடம் இல்லை என்றார்கள். எர்சீலியா தன் ஓடத்தில் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, துடுப்பை அவள் பக்கமாக நீட்டினாள்.

"ஒழுங்கா வலி," என்றாள்.